குணமானவர்கள் மீது ஒரு புகார்

"என்னோட நோயாளிகள யாரோ கடத்திக்கிட்டுப் போறாங்க" என்றார் டாக்டர்.

ரேடியோ கையிலிருந்த டீயை மேசையில் வைத்தான். அண்ணியிடம் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து அவன் பார்த்ததெல்லாம் ஓடிப்போன மாப்பிள்ளை, தொலைந்துபோன பூனை, பக்கத்து வீட்டுக்காரன் இழுத்துவிட்ட தண்ணீர்க் குழாய். கடத்தல் என்ற சொல் அந்த அறைக்குள் நுழைவது இதுதான் முதல் தடவை.

"பணம் கேட்டு போன் வந்துச்சா சார்?"

"இல்ல. அன்னைக்கே திருப்பி அனுப்பிடறாங்க."

"அடிச்சு, உதைச்சா?"

"அதெல்லாம் இல்ல தம்பி." டாக்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "குணமாக்கி அனுப்பறாங்க."

ரேடியோ அண்ணியைப் பார்த்தான். அண்ணி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காத இடங்களில் எல்லாம் வழக்கு இருக்கும் என்பது அவன் அனுபவம்.

அந்த அலுவலகம் ஒரு லாண்டரியின் மாடியில் இருந்தது. கீழே இஸ்திரிப் பெட்டி மூச்சுவிடும்போதெல்லாம் மேலே தரை சுடும். வாசலில் 'தகவல் சேவை' என்று ஒரு பலகை. அண்ணி பல வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடிக்கிற வேலையில் இருந்தவள். கால் விளங்கவில்லை என்று இழப்பீடு கேட்டவனை, அவன் போகவேண்டிய பஸ்ஸை நிறுத்தத்தைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லி, ஓடவைத்துப் பிடித்தவள். வேலையை விட்டபிறகு சொந்தமாக இதை ஆரம்பித்தாள். கணவனின் தம்பி வேலையில்லாமல் வீட்டில் பேசிக்கொண்டே இருந்ததைத் தாங்க முடியாமல் அவனையும் கூட்டிவந்துவிட்டாள். ரேடியோ என்ற பெயர் தெருவில் வைத்தது. அணைக்க வழியில்லாத ரேடியோ என்று முழுப்பெயர்.

"யாரு யாரு குணமானாங்க?" என்று கேட்டாள் அண்ணி. ஏதோ விபத்தில் அடிபட்டவர்களை விசாரிப்பதுபோல இருந்தது.

"லாரி டிரைவர் ஒருத்தர். கால் வீங்கி வந்தாரு, ஊசி போட்டு அனுப்பினேன். மறுவாரம் வீக்கமே இல்ல. பையில பார்த்தா நான் கொடுக்காத மாத்திரை. அப்பறம் தையல்காரர் சம்சாரம், மாசக் கணக்கா இருமல். அதுவும் போச்சு. கேட்டா யாரும் வாயத் திறக்க மாட்டேங்கறாங்க. 'எல்லாம் உங்க கைராசி டாக்டர்'னு கும்பிட்டுட்டுப் போயிடறாங்க."

"எதிர்ல யாராவது புதுசா கிளினிக் போட்டிருக்காங்களா?"

"ஒரு பொண்ணு போட்டிருக்கு. சந்தேகம் அங்கதான்."

"நான் அந்தப் பக்கம் போயிருக்கேன்" என்றான் ரேடியோ. "அந்தம்மா நாள் முழுக்க போன்ல பழம் வெட்டற ஆட்டம் ஆடறாங்க. நோயாளியக் கடத்தினா அவங்களுக்கு வைக்க இடம் நிறைய இருக்கு. ஆனா ஒருத்தரையும் காணோம்."

டாக்டருக்கு அறுபது வயது இருக்கும். வெளுத்த சட்டை, வெளுத்த தலை, பேச்சில் ஒரு பதம். மற்றவர்கள் சங்கிலி போட்டிருப்பதுபோல அவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் போட்டிருந்தார். வந்த வழியெல்லாம் அதற்கு வணக்கம் கிடைத்திருக்கும்.

"குடும்பம்?" என்றாள் அண்ணி.

அந்தக் கேள்வியில்தான் அவர் முகம் மலர்ந்தது. "சம்சாரம் தவறிட்டா. ஒரே பையன். மெடிக்கல் காலேஜ்ல கடைசி வருஷம். அவனே படிச்சு சீட் வாங்கினான்மா."

"வீட்டுக்கு வருவாரா?"

"எங்க? வார்டு, பரீட்சை, மறுபடியும் வார்டு. போன் பண்ணுவான். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களான்னு கேப்பான். வச்சிடுவான்."

ரேடியோ இருமினான். இரண்டு நாளாக இருந்த இருமல்தான். ஆனால் டாக்டரை எதிரில் வைத்துக்கொண்டு அதை வீணாக்க அவனுக்கு மனமில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக இருமினான்.

"இங்க வா தம்பி" என்றார் டாக்டர்.

ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினார். அது ஒரு தடவை நழுவியது. பிடரிப் பக்கமாக அழுத்திச் செருகிக்கொண்டார். ரேடியோவின் மார்பில் சில்லென்று வட்டத்தை வைத்து, கச்சேரி கேட்பவர்போலக் கண்ணை மூடினார். அண்ணியின் பார்வை அவர் காதின்மேலேயே நின்றது. ஒரு வயதானவரின் காதில் அப்படி என்ன இருக்கிறது என்று ரேடியோவுக்குப் புரியவில்லை.

"இதயம் கடிகாரம் மாதிரி ஓடுது. வெறும் வாயு. பயப்படாத."

அவர் படியிறங்கிப் போன பிறகு அண்ணி ஜன்னலருகே போய் நின்றாள். கீழே லாண்டரிக்காரர் வேலையை விட்டுவிட்டு எழுந்து டாக்டருக்குக் கும்பிடு போட்டார்.

"ரெண்டு விஷயம் இடிக்குது தம்பி."

"சொல்லுங்க அண்ணி."

"நோயாளி குணமானா டாக்டர் மீசைய முறுக்கணும். நான்தான் குணமாக்கினேன்னு சொல்லிக்கிட்டா யாரு கேக்கப் போறா? இவருக்கு வேர்த்துக் கொட்டுது."

"ரெண்டாவது?"

"அத அப்பறம் சொல்றேன். நீ நாளைக்கு அவரு கிளினிக்ல நோயாளியா போய் உக்காரு. யாரு கடத்தினாலும் மறுக்காம போ."

"என்னைக் கடத்தினா அரைமணி நேரத்துல அவங்களே வண்டி வச்சுத் திருப்பி அனுப்புவாங்க."

"அதனாலதான் உன்னை அனுப்பறேன்."

*

கிளினிக் ஒரே அறை. நடுவே பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் பெஞ்சு, எடை பார்க்கும் எந்திரம், அழும் குழந்தைகள். அந்தப் பக்கம் டாக்டர். பெஞ்சில் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், அவன் கேட்காமலேயே டாக்டரின் பெருமையைச் சொன்னார். டாக்டர் முகத்தைப் பார்த்தாலே பாதி நோய் போய்விடுமாம். மீதிப் பாதி என்ன ஆகும் என்று ரேடியோ கேட்டான். அம்மாள் அவன் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே போனதும் டாக்டர் ஊசியை எடுத்தார்.

"சார், நான் நடிக்க வந்தவன்."

"நம்பற மாதிரி இருக்க வேண்டாமா? சத்து ஊசிதான்."

ஊசி போட்டதே அவனுக்குத் தெரியவில்லை. "முடிஞ்சுது" என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

வெளியே வந்து, நோயாளி நடக்கும் நடையில் நடந்தான். தெரு முனையில் சைக்கிள் கடையருகே ஒரு ஸ்கூட்டர் நின்றிருந்தது. அதன்மேல் கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன், மடியில் தடியான புத்தகம், தோளில் பை. பையின் வாயிலிருந்து, டாக்டர்கள் முழங்காலில் தட்டிப் பார்க்கும் சின்ன ரப்பர் சுத்தியல் எட்டிப் பார்த்தது.

"அண்ணே, டாக்டர்கிட்ட காட்டிட்டு வர்றீங்களா?"

"ஆமா. வாயுவாம்."

இளைஞன் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. "நான் அவரு பையன்ணே. மெடிக்கல் படிக்கிறேன். பரீட்சை வருது. நோயாளிகளப் பரிசோதிச்சுப் பழகினாத்தான் பாஸாக முடியும். ஒரு மணி நேரம் எங்க ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா? நானே திருப்பி விட்டுடறேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. மார்க்குக்காக ஊரத் தொந்தரவு பண்றேன்னு திட்டுவாரு."

கடத்தல்காரனைப் பிடிக்கத்தான் டாக்டர் இவர்களைப் பிடித்தார். கடத்தல்காரன் டாக்டரின் சொந்தப் பையன்.

"ஏறுங்கண்ணே" என்றான் பையன். ரேடியோ ஏறினான்.

*

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டு நீளமாக இருந்தது. இருபுறமும் இரும்புக் கட்டில்கள். அவனை ஒரு கட்டிலில் உட்காரவைத்துச் சட்டையைக் கழற்றச் சொன்னான் பையன். எதிர்க் கட்டிலருகே, மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நோயாளிக்குத் துணைக்கு வந்தவள்போல இருந்தாள். அண்ணிதான். ஸ்கூட்டரின் பின்னாலேயே ஆட்டோவில் வந்திருக்கிறாள். கட்டிலில் படுத்திருந்த பெரியவருக்கு அதற்குள் பாதி டீயை ஊற்றிக் கொடுத்திருந்தாள்.

பையன் ரேடியோவின் மார்பில் கருவியை வைத்தான். நகர்த்தினான். மறுபடியும் முதல் இடத்துக்கே வந்தான். அவன் முகம் மாறியது.

"அண்ணே, கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சு படுங்க."

"என்ன, வாயு இடம் மாறிடுச்சா?"

"பேசாதீங்க."

பையன் நிமிர்ந்து நண்பர்களைக் கூப்பிட்டான். வெள்ளைக் கோட்டுகள் வந்து சூழ்ந்துகொண்டன. ஆளுக்கொரு தடவை கேட்டார்கள். ஒருத்தி, "ஐயோ, எவ்வளவு தெளிவா கேக்குது" என்று உருகினாள். இன்னொருவன் வார்டுக்கு வெளியே நின்றவர்களையும் கை தட்டி அழைத்தான். கட்டிலைச் சுற்றி வரிசை நின்றது. ரேடியோ சினிமா தியேட்டர் வாசலில் நின்றிருக்கிறான். தானே தியேட்டரானது இன்றுதான்.

"தம்பி, எனக்கு என்ன?"

"நல்ல கேஸ்ணே" என்றான் வரிசையில் இருந்த ஒருவன். மருத்துவம் படிப்பவர்கள் 'நல்ல கேஸ்' என்று சொன்னால் நோயாளிக்கு அது நல்லதல்ல என்று ரேடியோவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அவன் கழற்றிய சட்டையைத் தேடினான்.

வரிசையின் கடைசியில் ஒரு ஜூனியர் மாணவி. புது கோட்டு, புது ஸ்டெதஸ்கோப். அவள் மாட்டிக்கொண்டு வைத்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "எனக்கு ஒண்ணும் கேக்கல."

பையன் அவள் காதிலிருந்து கருவியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தான். "தலைகீழா மாட்டியிருக்க. காதுக்குள்ள போற குழாய் மூக்கப் பார்த்து வளைஞ்சிருக்கணும். பிடரியப் பார்த்து மாட்டினா சத்தம் காதுச் சுவத்துலயே முட்டிக்கிட்டு நின்னுடும். ஒண்ணுமே கேக்காது."

மாணவர்கள் சிரித்தார்கள். ரேடியோவும் சிரித்தான். பாதிச் சிரிப்பில் அவன் வாய் நின்றுவிட்டது. நேற்று லாண்டரி மாடியில் நழுவிய கருவி. பிடரிப் பக்கமாக அழுத்திச் செருகிய விரல்கள். மூடிய கண்கள். இதயம் கடிகாரம் மாதிரி ஓடுது.

எதிர்க் கட்டிலருகே அண்ணி பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே, ஆமாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள்.

அப்போது வார்டின் பெரிய டாக்டர் வந்தார். கூட்டம் விலகியது. அவர் கேட்டுவிட்டு, "இதயத்துல ஒரு கதவு சரியா மூடல. பயப்படற அளவுக்கு இல்ல. ஸ்கேன் எடுத்துடலாம், வருஷா வருஷம் வந்து காட்டணும்" என்றார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இதுக்கு முன்னாடி எந்த டாக்டர் பார்த்தாரு உங்கள? இது காதுல விழாம போக வாய்ப்பே இல்லயே" என்று கேட்டார்.

பையன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் ரேடியோவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான்.

"யார்கிட்டயும் காட்டினதில்ல சார்" என்றான் ரேடியோ. "ஆஸ்பத்திரின்னா எனக்கு பயம்."

*

வார்டுக்குப் பின்னால் ஒரு படிக்கட்டு இருந்தது. யாரும் உபயோகிக்காத படிக்கட்டு. மாணவர்கள் உட்கார்ந்து படிக்க அதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி தன்னை யாரென்று சொன்னதும் பையன் ஓடவில்லை. மறுக்கவுமில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்தான்.

"அப்பாதான் உங்கள அனுப்பினாரா?"

"அவருதான். நோயாளிகள யாரோ குணமாக்கறாங்கன்னு புகார்."

பையனுக்குச் சிரிப்பு வந்தது. அதை அவனால் முடிக்க முடியவில்லை.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்றாள் அண்ணி.

"முதல் தடவையா வார்டுக்கு வந்த அன்னைக்கு. சின்ன வயசுலேர்ந்து அப்பா மாட்டறதப் பார்த்துத்தான் நான் மாட்டுவேன். விளையாட்டுல கூட அப்படித்தான். பேராசிரியர் என்னை நிறுத்தி, 'இப்படி மாட்ட யாருப்பா சொல்லிக் கொடுத்தது'ன்னாரு. வகுப்பே சிரிச்சுது. 'எங்கப்பா'ன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கிட்டேன். அன்னைக்கு ராத்திரி அவரு எழுதற மருந்தெல்லாம் ஒவ்வொண்ணா யோசிச்சேன். எல்லா நோய்க்கும் அதே நாலு மருந்து. அப்பறம் ஒவ்வொரு பாடம் படிக்கும்போதும் ஒவ்வொரு நோயாளி ஞாபகத்துக்கு வந்தாங்க. மத்தவங்க பரீட்சைக்குப் படிச்சாங்க. நான் பயந்துக்கிட்டே படிச்சேன். வகுப்புல முதல் மார்க் அதனாலதான்."

"போலீஸ்கிட்ட சொல்லியிருக்கலாமே தம்பி" என்றான் ரேடியோ. அவன் குரலில் வழக்கமான குறும்பு இல்லை.

"சொல்லலாம். என் புஸ்தகம், ஹாஸ்டல், இந்தக் கோட்டு, எல்லாம் அந்த ஊசியில வந்ததுண்ணே. அவரு பொய்யா டாக்டரா இருந்ததாலதான் நான் நிஜமா டாக்டர் ஆகப் போறேன். யாருக்கு எதிரா யாரு சாட்சி சொல்றது? அதனால பரீட்சைன்னு சொல்லி ஆள ஒவ்வொருத்தரா இங்க கூட்டிட்டு வந்தேன். டாக்டர் பையனுக்கு உதவின்னா எல்லாரும் வருவாங்க. இங்க மருந்து எழுதிக் கொடுப்பாங்க. பேரு அப்பாவுக்கு."

"எல்லாரையும் கூட்டிட்டு வர முடிஞ்சுதா?" என்றாள் அண்ணி.

பையன் கண்ணாடியைக் கழற்றினான். நீண்ட நேரம் துடைத்தான்.

"ஒரு பஸ் கண்டக்டர் இருந்தாரு. நெஞ்சு வலின்னு போயிருக்காரு. அப்பா வாயுன்னு அனுப்பிட்டாரு. எனக்கு அன்னைக்கு எழுத்துப் பரீட்சை, தெருமுனையில நான் இல்ல. மறுவாரம் அவரு சம்சாரம் கிளினிக்குக்கு வந்து, கடைசி வரைக்கும் நல்லா பார்த்துக்கிட்டீங்கன்னு அப்பா கையப் பிடிச்சு அழுதுட்டுப் போனாங்களாம். அப்பாவே எனக்கு போன்ல சொன்னாரு. மனசு கேக்கலடான்னாரு."

படிக்கட்டின் மேலே யாரோ எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு போனார்கள்.

"நான் ரிப்போர்ட் கொடுத்தாகணும்" என்றாள் அண்ணி. "பொய் எழுதிப் பழக்கமில்ல."

"நீங்க சொன்னா நல்லதுதாங்க" என்றான் பையன். "எனக்குத்தான் வாய் வரல."

ஆட்டோவில் திரும்பும்போது ரேடியோ கேட்டான். "முதல் நாளே உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"சந்தேகம் முதல் நாள். இன்சூரன்ஸ்ல இருந்தப்ப பொய் டாக்டருங்க கிட்டேர்ந்து நிறைய சர்டிபிகேட் வரும். அவங்க கழுத்துல அது நல்லா இருக்கும். காதுல போனதும் மாட்டிக்குவாங்க. அப்பறம், ஊசி வலிச்சுதான்னு உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன்."

"போட்டதே தெரியல."

"அதான். அவ்வளவு நல்லா ஊசி போடற கை டாக்டர் கையா இருக்காது. நர்ஸ் கை, இல்லாட்டி கம்பவுண்டர் கை."

"அவரு மருந்துச் சீட்டுல எழுத்து கூட அச்சடிச்ச மாதிரி இருந்துது அண்ணி. அப்பவே எனக்குத் தட்டியிருக்கணும்."

*

மறுநாள் கிளினிக்கில், அண்ணி சொல்லி முடிக்கும் வரை டாக்டர் குறுக்கே பேசவில்லை. திரைக்கு வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். அவர் குரலைத் தாழ்த்தி, "அவன்தான்னு எனக்குத் தெரியும்மா" என்றார்.

ரேடியோ நிமிர்ந்து உட்கார்ந்தான். "தெரிஞ்சே எங்களை வச்சீங்களா?"

"சைக்கிள் கடைக்காரன் முதல் வாரமே சொல்லிட்டான். பரீட்சைக்காகக் கூட்டிட்டுப் போறானா, இல்ல என்னைப் பத்தித் தெரிஞ்சு கூட்டிட்டுப் போறானா, அதுதான் தெரியல. அவன்கிட்ட கேக்க பயமா இருந்துது. வெளி ஆள் யாராவது வந்து சொன்னா தாங்கிக்கலாம்னு நினைச்சேன்."

"தெரிஞ்சுதான்" என்றாள் அண்ணி.

அவர் கழுத்திலிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இங்க ஒரு நிஜ டாக்டர் இருந்தாரு. நான் அவரோட கம்பவுண்டர். அவரு இறந்த மறுநாள், எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டு சாவி கொடுக்கலாம்னுதான் கதவத் திறந்தேன். ஒரு அம்மா ஜுரத்தோட குழந்தையத் தூக்கிட்டு வந்து நின்னாங்க. டாக்டர் இல்லன்னு சொல்லியிருக்கணும். மருந்து கொடுத்தேன். குழந்தைக்கு சரியாப் போச்சு. சரியாகாம போயிருந்தா நான் அன்னைக்கே தப்பிச்சிருப்பேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பையன டாக்டராக்கிட்டா, இந்த நாற்காலியில நிஜமான ஆள் ஒருத்தன் உக்காருவான், அதுவரைக்கும் ஓட்டிடலாம்னு கணக்குப் போட்டேன். படிச்சா அவன் கண்டுபிடிக்கற முதல் நோய் நானாத்தான் இருப்பேன்னு தோணவே இல்லம்மா."

"கண்டக்டர் ஒருத்தர் நெஞ்சு வலின்னு வந்தாரே, ஞாபகம் இருக்கா?"

"பாவம். நல்ல மனுஷன்."

"அது வாயு இல்ல."

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். திரைக்கு அப்பால் ஒரு குழந்தை அழுதது. யாரோ அதைச் சமாதானப்படுத்தினார்கள், டாக்டர் தாத்தா இருக்கார், பயப்படாதே என்று.

"சுகாதார அதிகாரிகிட்ட நான் சொல்லித்தான் ஆகணும்" என்றாள் அண்ணி. "நீங்களே போய் நின்னா உங்க பையனுக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்."

அவர் எழுந்தார். திரையை விலக்கிக்கொண்டு வெளியே போய், பெஞ்சின் முன்னால் நின்றார். "எல்லாரும் கேளுங்க. நான் டாக்டர் இல்ல" என்றார்.

பெஞ்சில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, நேற்று ரேடியோவுக்கு முதுகைக் காட்டிய அம்மாள் கைகூப்பினார். "எங்களுக்குத் தெரியாதா? நீங்க டாக்டர் இல்ல, எங்க தெய்வம்."

பெஞ்சே தலையாட்டியது. "படிச்சவருக்கு எவ்வளவு அடக்கம் பாரு" என்றார் பின்னால் ஒருவர்.

"நான் படிக்கலைங்க" என்றார் டாக்டர். அவர்கள் இன்னும் அன்பாகச் சிரித்தார்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் ஊர் முன்னால் நிஜத்தைச் சொல்கிறார். அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை.

கடைசியில் ரேடியோதான் எழுந்து, டாக்டருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி எல்லோரையும் அனுப்பினான். அவசரமாக இருந்தவர்களை எதிர்க் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் விட்டான். அங்கே இருந்த பெண், வரிசையைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். ஷட்டரை இறக்கி, உள்ளே கிடந்த பழைய பலகையை வெளியே மாட்டினார்கள். 'டாக்டர் இல்லை' என்று இருந்தது. அந்தச் சுவரில் தொங்கிய எல்லாவற்றிலும் நிஜம் பேசியது அது ஒன்றுதான்.

*

மறுநாள் காலை, சுகாதார அலுவலகத்துக்குப் போகும் வழியில், ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார் டாக்டர். அவரை வேறு எப்படி நினைப்பது என்று ரேடியோவுக்கு இன்னும் தெரியவில்லை.

"அவன ஒரு தடவ பார்த்துட்டுப் போயிடலாம்."

வார்டு முதல் மாடியில். படியேறும்போது அவர் இரண்டு இடத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ரேடியோ கை கொடுத்தான். அண்ணி பின்னால் ஏறிவந்தாள்.

உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பெரிய டாக்டரைச் சுற்றி வெள்ளைக் கோட்டுகள். வாசலில் ஒரு வயதானவர் மூச்சு வாங்க நிற்பதைப் பார்த்துவிட்டு, "யாருப்பா அது? உக்கார வைங்க முதல்ல" என்றார் பெரிய டாக்டர். காலியான கட்டிலில் உட்காரவைத்தார்கள். பெரிய டாக்டர், தன் மாணவனான பையனைத் திரும்பிப் பார்த்து, "புது கேஸ். நீயே எடு. வழக்கம்போல முதல்லேர்ந்து கேளு" என்றார்.

பையன் கட்டிலருகே வந்தான். அப்பா சட்டைப் பொத்தானைத் தானே கழற்றிக்கொண்டிருந்தார். அவர் கழுத்து வெறுமையாக இருந்தது.

"வயசு?" என்றான் பையன்.

"அறுபத்தொண்ணு."

அடுத்து கேட்கவேண்டியது தொழில். எல்லா மாணவர்களும் அந்த வரிசையில்தான் கேட்பார்கள். அவன் கேட்கவில்லை. வாய் திறந்து அப்படியே நின்றான். பின்னாலிருந்து ஒரு மாணவி, "தொழில்" என்று எடுத்துக் கொடுத்தாள்.

"கம்பவுண்டர்" என்றார் அப்பா. வார்டுக்கே கேட்டது. "டாக்டர்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். கம்பவுண்டர்தான்."

பேனாக்கள் நின்றன. பெரிய டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அந்தக் கட்டிலில் இருப்பவரின் மூக்கையும் தன் முதல் மாணவனின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தொந்தரவு?" என்றான் பையன்.

"படியேறினா மூச்சு வாங்குது. சாயங்காலமானா கால் வீங்குது."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"இல்ல." அவர் தயங்கினார். "டாக்டருங்க மேல எனக்கு நம்பிக்கை கிடையாது."

வரிசையில் யாரோ பக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். பையன் முட்டிக்கால் போட்டு உட்கார்ந்தான். அப்பாவின் வேட்டியைச் சற்று விலக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். எடுத்தான். விரல் இருந்த இடத்தில் குழி விழுந்திருந்தது. அது நிறையவில்லை; உள்ளே நீர் கோத்திருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். போனில் சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று கேட்டபோதெல்லாம் கேட்காமல் விட்ட கேள்வி அங்கே பள்ளமாகக் கிடந்தது.

"அட்மிட் பண்ணணும் சார்" என்றான், எழுந்து.

"எனக்கு ஒரு ஆபீஸுக்குப் போகணுமேடா" என்றார் அப்பா. "இந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

பையன் வாசலைப் பார்த்தான். அண்ணி ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள். சுகாதார அதிகாரியிடம் அவள் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தாள். ஆள் எங்கேயும் ஓடமாட்டார், ஓடினால் மூச்சு வாங்கும், நீங்களே வந்து எழுதிக்கொள்ளலாம், கட்டில் ஜன்னலோரம்.

"அந்த அதிகாரி இங்க வரட்டும்" என்றான் பையன். "அவரு முன்னாடி நீங்க சொல்லும்போது நானும் பக்கத்துல நிப்பேன். இப்ப படுங்கப்பா."

அப்பா படுத்தார்.

"ஆழமா மூச்ச இழுங்க" என்றான் மகன். அவர் இழுத்தார்.